மதிப்பெண் போடுமுன் பெயரை மறையுங்கள்

பூன் லே பிளேஸ் உணவங்காடி நிலையத்துக்குப் போகிறீர்கள். எந்தக் கடையில் வாங்குவது என்று எப்படி முடிவெடுக்கிறீர்கள்? பெரும்பாலும் நாக்கைக் கேட்பதில்லை, வரிசையைத்தான் பார்க்கிறீர்கள். நாசி லெமாக் கடை முன்னால் இருபது பேர் நின்றால் அங்கே சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும் என்று மனம் சொல்லிவிடுகிறது. கண்ணாடியில் ஒரு பிரமுகரின் படம் ஒட்டியிருந்தால் நம்பிக்கை இன்னும் கூடுகிறது. கைப்பேசியில் நான்கரை நட்சத்திரம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. முதல் கரண்டி வாய்க்குள் போவதற்கு முன்பே பாதி மதிப்பெண்ணைப் போட்டு முடித்துவிடுகிறோம்.

பசிக்குச் சாப்பிடுபவர் இப்படிச் செய்வதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால், “இதுதான் சிறந்தது”, “அது மட்டம்” என்று தீர்ப்புச் சொல்ல வருபவரும் இதே வழியில் போனால் அது நியாயமில்லை என்பது என் கருத்து. தீர்ப்புச் சொல்ல விரும்புபவர் முதலில் பெயரையும் விலையையும் மறைக்க வேண்டும்; பிறகுதான் சுவைக்க வேண்டும். பள்ளியில் நடக்கும் சமையல் போட்டியில்கூட இதை ஒரு விதியாக வைக்க வேண்டும். ஏன் என்பதற்கு அறிவியல் நல்ல காரணங்களைத் தருகிறது. நம் எல்லாருக்கும் பழக்கமான தேநீரை வைத்தே அதைப் பார்ப்போம்.

நாக்கு தனியாக வேலை செய்வதில்லை

பாலும் சர்க்கரையும் சேர்க்காத ‘தே ஓ கோசோங்’ ஒன்றை வாங்குங்கள். மூக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். கொஞ்சம் கசக்கும், நாக்கு கொஞ்சம் வறளும், அவ்வளவுதான். விழுங்கிய பிறகு விரலை எடுங்கள். தேநீரின் மணம் அப்போதுதான் திடீரென்று வந்து சேரும். வாயில் உள்ள ஆவி தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்கை அடைவதே இதற்குக் காரணம். நாக்கு உணரும் அடிப்படைச் சுவைகள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி என ஐந்துதான். உமாமியை 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா கண்டறிந்தார். மூக்கிலோ மணத்தை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை இருக்கின்றன. நாம் ‘சுவை’ என்று சொல்வதில் பெரும்பங்கு மணம்தான்.

தமிழர்கள் அறுசுவை என்கிறோம். அதில் கார்ப்பும் துவர்ப்பும் உண்டு. அறிவியலின் பட்டியலில் இவை இல்லை. மிளகாயின் காரத்தைச் சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகள்தான் உணர்கின்றன. துவர்ப்பு பெரும்பாலும் தொடு உணர்வைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தேயிலையில் பாலிபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் உள்ளன. அவை உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. உமிழ்நீரின் வழவழப்பு குறைகிறது; நாக்கும் கன்னமும் சுருங்கியதுபோல இருக்கிறது. பால் ஊற்றினால் பாலின் புரதங்கள் அந்தப் பாலிபீனால்களை முதலில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பால் சேர்த்த தேநீரில் துவர்ப்பு தணிந்திருக்கிறது.

ஆக, சுவை என்பது கோப்பையில் மட்டும் இருக்கும் ஒன்றன்று. நாக்கு, மூக்கு, தொடு உணர்வு, சூடு, நிறம், எதிர்பார்ப்பு எல்லாவற்றையும் சேர்த்து மூளை கட்டும் ஒன்று. இந்தக் கட்டடத்துக்குள் பெயரும் விலையும் புகுந்துவிடுவதுதான் சிக்கல்.

கண் சொன்னால் மூக்கு நம்பும்

2001ல் பிரான்சின் போர்தோ நகரில் செய்த ஓர் ஆய்வு வெளியானது. திராட்சை மதுவைப் பற்றிப் படிக்கும் 54 மாணவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். வெள்ளை மதுவில் மணமே இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து அவர்களிடம் கொடுத்தார்கள். மாணவர்கள் அதன் மணத்தை விவரிக்கப் பயன்படுத்திய சொற்களில் பெரும்பாலானவை சிவப்பு மதுவுக்கு உரியவை. கோப்பையில் இருந்த மது மாறவில்லை, நிறம்தான் மாறியது. இத்தனைக்கும் அவர்கள் அந்தத் துறையையே படிப்பவர்கள்.

2008ல் கலிபோர்னியாவில் இன்னோர் ஆய்வு. ஒரே மதுவை 20 பேரிடம் ஒருமுறை 10 டாலர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மறுமுறை 90 டாலர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டபோது அவர்கள் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். அப்போது அவர்களின் மூளையையும் கருவி வழியாகப் பார்த்தார்கள். இன்பத்தை மதிப்பிடுவதோடு தொடர்புள்ள ஒரு பகுதி, விலை அதிகம் என்று கேட்டபோது கூடுதலாக இயங்கியது.

இந்த இரண்டாவது ஆய்வில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்த 20 பேரும் பெருமைக்காகப் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆகவே, “நான் விலைக்கெல்லாம் மயங்கமாட்டேன், நேர்மையாகத்தான் சொல்வேன்” என்பது போதாது. நேர்மை இருந்தாலும் மயக்கம் இருக்கும். மயக்கத்தைத் தடுக்க மன உறுதியை விடச் சீட்டை மறைக்கும் ஒரு காகிதத்துண்டு அதிகம் உதவும்.

வயதும் ஒரு சீட்டுதான்

பெயர், விலை இவற்றோடு நம்மை மயக்கும் இன்னொன்று வயது. சைனாடவுன் தேயிலைக் கடைகளில் பல ஆண்டு வைத்திருந்த பூ-எர் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு. “பழையது” என்றாலே “நல்லது” என்று காதில் விழுகிறது. இதை எண்களோடு பார்க்கக் கரீபியன் தீவுகளின் ரம் நல்ல எடுத்துக்காட்டு. சிங்கப்பூரில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்கக்கூடாது என்பது சட்டம். நமக்கு வேண்டியது அதன் கணக்கு மட்டுமே.

ரம்மை ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். மரத்தின் லிக்னினில் இருந்து வனிலா மணம் தரும் பொருள் கரைந்து சேர்கிறது. அதே நேரத்தில் பீப்பாயில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டும் இருக்கிறது. குளிரான ஸ்காட்லந்தில் இந்த இழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. வெப்பமான கரீபியனில் ஏறத்தாழ 6 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளலாம். 12 ஆண்டு கழித்து எவ்வளவு மிஞ்சும்? 0.98ஐ 12 முறை பெருக்கினால் 0.78; அதாவது 78 விழுக்காடு. 0.94ஐ 12 முறை பெருக்கினால் 0.48; பாதிகூட இல்லை. வெப்பத்தில் மரத்தோடு நடக்கும் மாற்றமும் வேகமாக நடக்கிறது. ‘12 ஆண்டு’ என்ற ஒரே எண் இரண்டு இடங்களில் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறது. சில புட்டிகளில் உள்ள பெரிய எண் வயதே அன்று; பல வயதுடைய ரம்களைக் கலந்து தயாரிக்கும் ஒரு முறையைக் குறிக்கும் எண். நிறத்தையும் நம்பமுடியாது, அடர்ந்த நிறத்துக்காகக் கேரமல் சேர்ப்பதும் உண்டு.

எண் காலத்தைச் சொல்லலாம், சுவையைச் சொல்லாது. இன்னொன்றையும் அது சொல்லாது: அந்தக் கரும்பை வெட்டியது யார் என்பதை. ரம்முக்குப் பேர்போன மார்ட்டினிக் தீவுக்கு 1853 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர்கள் பலர்.

ருசி பார்ப்பதே தொழில்

தமிழர் உழைப்புக்கு நேரடித் தொடர்புள்ள இன்னொரு பானம் நம் தேநீர். இலங்கை மலைநாட்டில் 1867ல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தோட்டங்கள் பெருகின. கொழும்பில் 1883ல் தேயிலை ஏலம் தொடங்கியது. தமிழ்நாட்டில் இருந்து சென்ற தொழிலாளர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் கொய்த கொழுந்து, அங்கே ருசி பார்ப்பவர்களின் மேசைக்கு வருகிறது. அவர்கள் சொல்லும் மதிப்பைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். ஒரு கோப்பையின் மீதான தீர்ப்பு ஒரு தோட்டத்தின் வருமானத்தைத் தொடுகிறது.

அதனால்தான் தேநீரைச் சோதிக்கத் தயாரிப்பதற்கு அனைத்துலகத் தரமே இருக்கிறது. ஐஎஸ்ஓ 3103 என்பது அதன் பெயர். 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை. கொதிக்கும் நீர். 6 நிமிடம். வெள்ளைப் பீங்கான் பாத்திரம். இது மிகச் சுவையான தேநீர் போடும் வழி அன்று. எல்லாத் தேயிலையையும் ஒரே விதமாக நடத்தும் வழி. ஒன்றை மட்டும் மாற்று, மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வை என்று உங்கள் அறிவியல் ஆசிரியர் சொல்கிறாரே, அதே விதிதான்.

ருசி பார்ப்பவர் கரண்டியில் எடுத்த தேநீரைச் ‘சர்’ரென்று சத்தமாக உறிஞ்சுவார். விருந்தில் அது நாகரிகமாக இருக்காது. இங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. வேகமாக உறிஞ்சும்போது தேநீர் துளித்துளியாகச் சிதறி வாய் முழுவதும் படுகிறது. மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. பிறகு துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார்.

ஆனால் ஏலப் பட்டியலில் தோட்டத்தின் பெயரும் அச்சாகியிருக்கும். பல ஆண்டு நல்ல தேயிலை கொடுத்துச் சம்பாதித்த பெயருக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. புதிதாக நன்றாகச் செய்யத் தொடங்கிய சிறிய தோட்டத்தின் கதி என்ன? பெயர் தெரியாதவரின் கோப்பை, பெயர் தெரிந்தவரின் கோப்பையை விட ஒரு படி மேலாக இருந்தால்தான் சமம் என்றாவது ஏற்பார்கள். முதலில் சுவைத்து மதிப்பெண்ணை எழுதிவிட்டு, பிறகு பெயரைப் பார்த்தால் இந்த அநியாயம் குறையும். பூன் லேயில் புதிதாகக் கடை திறந்த ஒருவருக்கும் இது பொருந்தும்.

எட்டுக் கோப்பைகளும் எழுபது வழிகளும்

மறைத்து வைத்துச் சோதித்தால் போதுமா? ஒருவர் ஊகித்துக்கூடச் சரியாகச் சொல்லிவிடலாமே! இந்தக் கேள்விக்கான விடையும் ஒரு தேநீர்க் கோப்பையில்தான் பிறந்தது.

1920களில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் முரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் அறிஞர் இருந்தார். கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா, தேநீர் ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிட முடியும் என்றார். அங்கே வேலை செய்த புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. எப்படிச் சோதிப்பது என்று யோசித்தார். 1935ல் வெளியிட்ட நூலில் அந்தச் சோதனையை விளக்கினார்.

எட்டுக் கோப்பைகள். நான்கில் முதலில் பால், நான்கில் முதலில் தேநீர். அவற்றை முன்பின்னாகக் கலந்து கொடுக்க வேண்டும். பால் முதலில் ஊற்றிய நான்கு எவை என்று அவர் சொல்ல வேண்டும். எட்டில் இருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. அவற்றில் ஒன்றுதான் முழுதும் சரி. வெறும் ஊகத்தால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70ல் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது. அப்படிச் சொன்னால் அவருக்கு உண்மையிலேயே தெரிகிறது என்று நம்பலாம்.

நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னால்? சரியான நான்கில் மூன்றை எடுக்க 4 வழிகள். தவறான நான்கில் ஒன்றை எடுக்க 4 வழிகள். ஆக 16 வழிகள். முழுதும் சரியான ஒன்றையும் சேர்த்தால் 17. அதாவது 70ல் 17. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ‘நான்கில் மூன்று சரி’ என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒன்றுமே தெரியாதவர்கள் நால்வர் ஊகித்தால் அவர்களில் ஒருவருக்கு அப்படி அமைந்துவிடலாம். “எனக்குத் தேக்காவின் தேநீரும் பூன் லேயின் தேநீரும் குடித்தாலே தெரியும்” என்று சொல்லும் நண்பரிடம் சண்டை போடவேண்டாம். எட்டுக் கோப்பைகளை வையுங்கள்.

பிரிஸ்டல் அம்மையார் வென்றாரா என்பதை ஃபிஷர் தம் நூலில் சொல்லவே இல்லை. அவருக்கு முக்கியமாக இருந்தது விடையன்று. நியாயமாகக் கேட்கும் முறை.

எல்லாவற்றையும் மறைத்துவிட்டால் என்ன சுகம்?

நீங்கள் இப்படிக் கேட்கலாம்: “தே தாரிக் என்றால் உயரத்தில் இருந்து இழுத்து ஊற்றுவதைப் பார்ப்பதும் சேர்த்துத்தானே? கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே ‘தே சி தானே?’ என்று கேட்பதில் ஒரு சுவை இல்லையா?” இருக்கிறது. இழுத்து ஊற்றும்போது தேநீர் ஆறுகிறது, நுரை கட்டுகிறது; அதோடு நம் மனமும் நிறைகிறது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது, ஏதோ ஒரு கோப்பையின் ருசிக்காகச் சேர்க்கவில்லை. இந்த வாழ்க்கை முறைக்காகத்தான் சேர்த்தது.

ஆனால் “எனக்கு இங்கே உட்கார்ந்து குடிப்பது பிடிக்கிறதா?” என்பது ஒரு கேள்வி. “இந்தக் கோப்பையில் இருப்பது அந்தக் கோப்பையில் இருப்பதை விட நன்றாக இருக்கிறதா?” என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள். இரண்டாவதற்குப் பெயரை மறையுங்கள். முதல் கேள்வியின் விடையை எடுத்து இரண்டாவதன் விடையாக எழுதுவதுதான் தவறு.

எல்லாச் சீட்டும் பொய் என்றும் நான் சொல்லவில்லை. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் முதல் பானங்களுக்கு ‘நியூட்ரி-கிரேட்’ எழுத்துகள் வந்துள்ளன. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘டி’. இது அளவை வைத்துச் சொல்லும் எழுத்து. நாக்கால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. குளிர்ந்த பானத்தில் இனிப்பு குறைவாகவே தெரியும் என்பதால் நாக்கு இங்கே ஏமாறும். அளந்து எழுதிய சீட்டைப் படியுங்கள். புகழை மட்டும் எழுதிய சீட்டை மூடுங்கள்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

நான்கு நண்பர்கள் சேருங்கள். இரண்டு கடைகளில் இருந்து தே ஓ கோசோங் வாங்குங்கள். இரண்டும் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். சூடு வேறாக இருந்தால் நாக்கு அதை வைத்தே கண்டுபிடித்துவிடும். ஒரே மாதிரியான எட்டுக் காகிதக் கோப்பைகளில் ஒரே அளவு, இரண்டு மிடறு போதும், ஊற்றுங்கள். ஒரு கடைக்கு நான்கு. கோப்பைகளுக்கு ஏ, பி என்று பெயர் வைக்காதீர்கள். ‘ஏ’ என்றாலே உயர்ந்தது என்று தோன்றும். 417, 283 போன்ற மூன்று இலக்க எண்களை எழுதுங்கள். எது எந்தக் கடை என்பதைத் தனித்தாளில் குறித்து மூடிவையுங்கள்.

ஊற்றுபவர் ஒருவர், பரிமாறுபவர் இன்னொருவர். ஊற்றியவருக்கு விடை தெரியும். அவருடைய முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவர் அறையை விட்டு வெளியே இருக்கட்டும். சுவைப்பவர் ஒவ்வொரு கோப்பைக்குப் பிறகும் வெறும் தண்ணீர் குடிக்கட்டும். நான்காமவர் சொல்வதை அப்படியே எழுதட்டும். தலையாட்ட வேண்டாம், புன்னகைக்கவும் வேண்டாம். முதலில் நான்கு நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு எந்த நான்கு பிடித்தது என்று கேளுங்கள். பிரிக்கவே முடியாதவர், “இது அதை விட எவ்வளவோ மேல்” என்று சொல்ல முடியாது அல்லவா?

பள்ளியில் தீபாவளிக்கோ தமிழ்மொழி மாதத்துக்கோ சமையல் போட்டி நடந்தால், தட்டுகளில் பெயருக்குப் பதில் எண் வைக்கச் சொல்லி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. வகுப்பில் எல்லாருக்கும் வேண்டியவரின் தட்டும், இந்த ஆண்டுதான் பள்ளியில் சேர்ந்தவரின் தட்டும் அன்றைக்கு மட்டுமாவது ஒரே மேசையில் சமமாக இருக்கும்.

விடைத்தாளைத் திறந்த பிறகு உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்து உங்களுக்கே வியப்பாக இருக்கலாம். நீங்கள் எப்போதும் வரிசையில் நிற்கும் கடை தோற்றிருக்கலாம், வென்றும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் எழுதியதை அழித்துத் திருத்தாதீர்கள்.